ஆன்லைனில் மனநல ஆலோசனை: டர்பன் தமிழ் வகுப்பில் என்னிடம் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் எப்போதும் கடைசி வரை நிற்பார்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க வீடியோல பேசி சரியாயிட்டீங்களாமே?" என்று கேட்பார்கள். உண்மைதான். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். முதல் குழந்தை பிறந்த பிறகு எட்டு மாதம் ஒரு சைக்காலஜிஸ்டிடம் வீடியோவில் பேசினேன். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அதனால்தான் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

நான் மருத்துவர் இல்லை. பேசித் தெரிந்துகொண்டதும் விசாரித்து அறிந்ததும்தான் இங்கே இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இந்த நிமிடம் உங்களுக்கு இருந்தால், மேலே படிக்க வேண்டாம். 0800 567 567 என்ற எண்ணை அழையுங்கள். அது சடாக் என்ற தென்னாப்பிரிக்க மனநல உதவி அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் கைபேசியில் 112, ஆம்புலன்ஸுக்கு 10177.

இதெல்லாம் பைத்தியம் பிடிச்சவங்களுக்குத்தானே டீச்சர்?

இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியும் சமையல்கட்டுக்குள் போக முடியாதவர்கள், வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறவர்கள், குழந்தையைப் பார்த்தால் பாசத்துக்குப் பதில் பயம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கடைசி வகை. நம்மைப் போன்றவர்கள்தான் பெரும்பாலும் சைக்காலஜிஸ்டிடம் போகிறோம்.

"பைத்தியம்" என்று நாம் சொல்லும் நிலையும் நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. அந்தச் சொல்லை நாம் எல்லோரும் விட்டுவிட்டால் நன்றாக இருக்கும். அதற்குப் பயந்தே பலர் வருடக்கணக்கில் வாய் திறப்பதில்லை.

நேர்ல பார்க்காம, போன்ல பேசினா எப்படி குணமாகும்?

பேச்சு சிகிச்சையில் வேலை செய்வது பேச்சுதான். நாடி பிடிப்பதோ ஸ்டெதாஸ்கோப் வைப்பதோ அதில் கிடையாது. நீங்கள் சொல்வதை ஒருவர் கவனமாகக் கேட்கிறார், உங்கள் எண்ணம் எந்த இடத்தில் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது என்று காட்டுகிறார், அடுத்த வாரம் வரை செய்து பார்க்க ஏதாவது கொடுக்கிறார். இது திரை வழியாகவும் நடக்கும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும், முறையாக வழிநடத்தப்படும் ஆன்லைன் சிகிச்சை நேரில் பார்ப்பதற்கு ஏறத்தாழ இணையாகவே பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இது கொரோனாவில் முளைத்த விஷயமும் அல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்து மனநல சிகிச்சை செய்து பார்த்தார்கள்.

முதல் இரண்டு வாரம் எனக்கும் கூச்சமாக இருந்தது. திரையின் மூலையில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாமல் மறைக்க ஒரு வழி உண்டு, அதைச் செய்யுங்கள் என்றார் அவர். அதன் பிறகு அழ முடிந்தது.

சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சிலர்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நான் யார்கிட்ட போகணும்?

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். இந்த நாட்டில் அவர் மருந்து எழுத முடியாது. பதிவு பெற்ற கவுன்சிலரும் சமூகப் பணியாளரும் குடும்பச் சிக்கல், துக்கம், ஆரம்பநிலை மனக்கஷ்டம் ஆகியவற்றுக்கு உதவுவார்கள், தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள்.

எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வு போலவே காட்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

ஸ்கிரீன்ல வர்றவர் நிஜமாவே படிச்சவர்தானான்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது. சைக்காலஜிஸ்டும் சைக்கியாட்ரிஸ்டும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த மன்றத்தின் இணையதளத்தில் ஐரெஜிஸ்டர் என்ற பதிவேடு இருக்கிறது. பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் உள்ளதா என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சமூகப் பணியாளர்களுக்குத் தனி மன்றம் உண்டு. பதிவு எண் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். "லைஃப் கோச்", "ஹீலர்" என்று போட்டுக்கொள்வதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

ஏற்கெனவே நேரில் பழகிய நோயாளியைத்தான் தொலைவிலிருந்து பார்ப்பது நல்லது என்பதே இங்கே பழைய விதி. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அன்று, 2020 மார்ச் 26 தேதியிட்ட அறிவிப்பில், மனநல சிகிச்சைக்கு மட்டும் முன்பழக்கம் தேவையில்லை என்று மன்றம் விலக்கு அளித்தது. அப்போது திறந்த கதவு வழியாகத்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளே போனோம்.

நம்ம சாட்ஸ்வொர்த் ஏரியாவுல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். விஷயம் வெளியே போச்சுன்னா? பொண்ணுக்கு வேற வரன் பார்க்கிறோம்.

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் இந்தப் பயம்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். காத்திருப்போர் அறையில் சம்பந்தி வீட்டு மாமி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்தே பலர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஆன்லைனில் காத்திருப்போர் அறை கிடையாது. டர்பனில் இருந்துகொண்டே கேப் டவுனில் உள்ள ஒருவரிடம் பேசலாம். அவருக்கு உங்கள் குடும்பமும் தெரியாது, கோவிலும் தெரியாது. என் சைக்காலஜிஸ்ட் வேறு மாகாணத்தில் இருந்தவர். அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021 ஜூலை முதல் முழுமையாக அமலாக்கப்படும், தனிநபர் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையாளர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். விலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் கொடுமை, நீதிமன்ற உத்தரவு. இவற்றை முதல் சந்திப்பிலேயே அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

ஆனால் இணையத்தில் வேறு வகை ஆபத்து இருக்கிறது. பின்லாந்தில் ஒரு சிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020இல் அந்த நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டான் திருடன். பிடிபட்டு, 2024இல் சிறைத் தண்டனை பெற்றான். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய செயலி, பயனர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற இடங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அரசு நடவடிக்கை எடுத்து, 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதனால் குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள், பேச்சைப் பதிவு செய்வீர்களா என்று கேளுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. குடும்பத்தில் நாலு பேர் எடுத்துப் பார்க்கும் கைபேசியில் பேசாதீர்கள்.

வீட்ல தனியா பேச இடமே இல்லையே அக்கா. மாமியார் பக்கத்து ரூம்லயே இருக்காங்க.

நான் காரில் பேசினேன். முற்றத்தில் நிறுத்திய காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து, 50 நிமிடம். எனக்குத் தெரிந்த இன்னொருவர் மாமியார் மத்தியான சீரியல் பார்க்கும் நேரத்தையே தனக்கான நேரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒருவர் வேலை இடத்தில் மதிய உணவு இடைவேளையில் பேசுகிறார். காதில் இயர்போன் மாட்டினால் எதிரில் இருப்பவர் பேசுவது வெளியே கேட்காது. உங்கள் பேச்சு கேட்கும் என்று பயந்தால், சில விஷயங்களை எழுதி அனுப்பலாமா என்று சிகிச்சையாளரிடம் கேட்கலாம். ஓடுகிற காரில் மட்டும் பேசாதீர்கள்.

டேட்டா ரொம்ப ஆகுமே? லோட் ஷெடிங் வந்தா?

ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபி முதல் ஒன்றரை ஜிபி வரை ஆகலாம். படத்தை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் மிகக் குறைவு. சாதாரண போன் அழைப்பே போதும் என்று சொல்லும் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். 2023 போல இப்போது தினமும் கரண்ட் போவதில்லை என்றாலும், லைன் அறுந்தால் யார் யாரைத் திரும்ப அழைப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது திரை இருண்டு போவது கொடுமையான விஷயம்.

செலவு எவ்வளவு? மெடிக்கல் எய்ட் கொடுக்குமா?

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள், வருமானத்துக்குத் தக்கபடி குறைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்புத் திட்டம் எதுவானாலும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கடும் மனச்சோர்வுக்கு வருடத்தில் 3 வாரம் வரை மருத்துவமனை, அல்லது 15 முறை வரை வெளிநோயாளி பேச்சு சிகிச்சை என்று அதில் இருக்கிறது. நோயின் குறியீட்டைச் சரியாகப் போட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். ஆன்லைன் சந்திப்பையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று உங்கள் திட்டத்தைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று கவனியுங்கள்: மெடிக்கல் எய்ட் பில் முதன்மை உறுப்பினரின் பெயருக்குப் போகும். கணவரின் திட்டத்தில் இருந்தால் அவர் பார்ப்பார்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு: அரசு கிளினிக்கில் முதல்நிலை சிகிச்சை இலவசம். அங்கே சொன்னால் மேலே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஊழியர் நல உதவித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். மேலே சொன்ன சடாக், 1994இலிருந்து இயங்கும் அமைப்பு. அவர்களிடம் போனில் பேசக் கட்டணம் இல்லை.

எனக்கு இங்கிலீஷ்ல பேச வரும், அழ வராது. தமிழ்ல பேசுற ஆள் கிடைப்பாங்களா?

இந்த வரியைச் சொன்னவர் ஜோஹன்னஸ்பர்க்கில் கணினி வேலையில் இருக்கும் ஒரு தம்பி. அதை நான் மறக்கவே இல்லை.

கிடைப்பது கஷ்டம் என்பதுதான் உண்மை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நாலாம் ஐந்தாம் தலைமுறையில் நிறைய பேர் மனநலத் துறையில் இருக்கிறார்கள். கோவிந்தர், நாயுடு, பிள்ளை என்ற பெயரைப் பார்த்து ஆசையாக அழைப்பீர்கள், அவர்கள் ஆயா பேசிய தமிழில் பத்துச் சொல்தான் அவர்களிடம் மிஞ்சியிருக்கும். அது அவர்கள் குற்றம் அல்ல. நாட்டின் அரசியல் சாசனம் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனால் கிளினிக்கில் தமிழ் வந்துவிடவில்லை. ஆனாலும் அவர்களுக்குக் காவடி என்றால் என்ன, மாமியார் வீடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதுவே பாதி மொழி.

நான் கற்றுக்கொண்ட ஒரு வழி: சொல்ல வருவதை முதலில் தமிழிலேயே சொல்லிவிடுங்கள். "நெஞ்சு அடைக்குது", "மனசு விட்டுப் போச்சு", "ஒரு மாதிரியா இருக்கு". எதிரில் இருப்பவருக்குப் புரியாது, பரவாயில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு இங்கிலீஷில் வழி தேடுங்கள். "மனசு விட்டுப் போச்சு" என்பதை நான் விளக்க எடுத்துக்கொண்ட இருபது நிமிடத்தில்தான், எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. எது எதிலிருந்து விட்டுப் போனது என்று அவர் கேட்டார். அம்மாவிடமிருந்து என்றேன். பிரசவத்துக்கு அம்மா வர விசா கிடைக்காமல் போனதை அதுவரை நான் யாரிடமும் ஒரு வருத்தமாகச் சொன்னதே இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு மொழிபெயர்க்கப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பாட்டி தன் பேத்தி வாய் வழியாக எதையும் உண்மையாகச் சொல்ல மாட்டார். கேட்கும் பிள்ளைக்கும் அது பாரம்.

அப்போ சென்னையில இருக்கிற டாக்டர்கிட்டயே வாட்ஸ்அப்ல பேசலாமே?

பலர் பேசுகிறார்கள், பலன் அடைந்தும் இருக்கிறார்கள். இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நேரமும் ஒத்துவரும். ஆனால் இங்கே உள்ள நோயாளிக்கு வெளிநாட்டிலிருந்து சிகிச்சை தருபவர், தன் நாட்டில் மட்டுமல்லாமல் நான் முன்பு சொன்ன இங்குள்ள மன்றத்திலும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. அப்படிப் பதிவு இல்லாதவரிடம் ஏதாவது தவறு நடந்தால் இங்கே முறையிட வழி இருக்காது, மெடிக்கல் எய்டும் பணம் தராது. அவர் எழுதும் மருந்துச் சீட்டை இங்குள்ள மருந்துக்கடை ஏற்காது. அதைவிடப் பெரிய கவலை, நடுராத்திரி உங்களுக்கு ஆபத்து என்றால் சென்னையிலிருந்து அவர் எந்த ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்?

என் யோசனை: இங்கே ஒரு மருத்துவரையோ சைக்காலஜிஸ்டையோ முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ளவரிடம் பேசுவது கூடுதல் துணையாக இருக்கட்டும், இருவருக்கும் மற்றவர் இருப்பது தெரிய வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு உதவி வேண்டுமென்றால், இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. அது இந்தியாவுக்குள்ளிருந்து அழைப்பவர்களுக்கானது.

பூசாரி ஐயா திருஷ்டின்னு சொன்னார், எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டார். இதுக்கு நடுவுல டாக்டரும் பார்க்கலாமா?

தாராளமாக. நானும் ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறவள்தான், என் கஷ்ட காலத்தில் அதை நிறுத்தவே இல்லை. விரதமும் காவடியும் கூட்டத்தோடு நிற்பதும் மனசுக்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும். சிகிச்சையாளரிடம் இதை மறைக்காதீர்கள், நல்லவர் அதையும் உங்கள் பலத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார். மாத்திரையை நிறுத்து, டாக்டரிடம் போகாதே என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் கேட்க வேண்டாம். விரதம் இருந்தால் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

மாத்திரை ஆன்லைன்லயே எழுதிக் கொடுப்பாங்களா?

சைக்கியாட்ரிஸ்டும் குடும்ப டாக்டரும் வீடியோவில் பார்த்து எழுதலாம். சில மருந்துகளுக்கு மட்டும் அது போதாது. லித்தியம் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் திடீரென நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்குவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அதில் பல பழக்கமாகிவிடும் வகை. தயவுசெய்து வேண்டாம்.

நான் ராத்திரி சாட்ஜிபிடிகிட்ட பேசறேன். அது நல்லாத்தான் பதில் சொல்லுது. அது போதாதா?

மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் தவிப்பு எனக்குப் புரியும். 1966லேயே எலைசா என்று ஒரு கணினி நிரல் வந்தது. நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அதை உருவாக்கியவரிடமே அவருடைய செயலாளர் சொன்னாராம். பேச ஏங்குகிற மனசு எதனோடும் ஒட்டிக்கொள்ளும்.

மனசில் இருப்பதை ஒழுங்குபடுத்த, சைக்காலஜிஸ்டிடம் என்ன கேட்பது என்று எழுதிப் பார்க்க அதைப் பயன்படுத்தலாம். சிகிச்சை என்று நம்ப வேண்டாம். அது எந்த மன்றத்திலும் பதிவு செய்யவில்லை, போன வாரம் நீங்கள் சாப்பிடாமல் இருந்ததை இந்த வாரம் முகத்தில் பார்த்துக் கேட்காது. பல நேரம் நீங்கள் கேட்க விரும்புவதையே சொல்லும்.

என் பொண்ணுக்கு 14 வயசு. அவ பேசும்போது நான் பக்கத்துல உக்காரலாமா?

முதல் சந்திப்பில் கொஞ்ச நேரம் கூப்பிடுவார்கள், அப்புறம் வெளியே போகச் சொல்வார்கள். போய்விடுங்கள். குழந்தைகள் சட்டம் இங்கே 12 வயது நிரம்பி, பின்விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உள்ள பிள்ளைக்குத் தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லும் உரிமை தருகிறது. கதவுக்கு வெளியே நின்று கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு அவள் எதையும் சொல்ல மாட்டாள். ஆபத்து என்றால் சிகிச்சையாளர் உங்களிடம் சொல்வார்.

ஆன்லைன் சரிப்படாதுன்னு எப்போ முடிவு பண்ணணும்?

இல்லாத குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்புகிறார், பல நாள் தூங்காமல் அளவுக்கு மீறிய வேகத்தில் இருக்கிறார் என்றால் நேரில் கொண்டுபோக வேண்டும். தற்கொலைக்குத் திட்டமும் வழியும் வைத்திருக்கிறவருக்கு வீடியோ போதாது. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, அல்லது எது அருகில் இருக்கிறதோ அங்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதற்கும் நேரடி மருத்துவம்தான்.

வீட்டுக்காரர் அடிக்கிறார். அவர் வீட்ல இருக்கிறப்போ நான் எப்படிப் பேசறது?

பேச வேண்டாம். அவர் இல்லாத நேரத்தில், முடிந்தால் வேறொருவர் கைபேசியிலிருந்து, 0800 428 428 அழையுங்கள். பெண்கள் மீதான வன்முறைக்கான அரசின் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு. சிகிச்சையாளரோடு ஒரு அடையாளச் சொல் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். "மளிகை லிஸ்ட் அனுப்பறேன்" என்று நீங்கள் சொன்னால் அவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார். அழைப்புப் பட்டியலை அழித்துவிடுங்கள். உங்கள் மனசில் கோளாறு இருப்பதால் அடி விழவில்லை, இதை முதலில் நம்புங்கள்.

மூணு தடவை பேசியாச்சு. ஒண்ணும் மாறலையே?

அதை அவரிடமே சொல்லுங்கள். நம் வளர்ப்பில் டாக்டரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று இருக்கிறது. அதனால் தலையாட்டிவிட்டு, நாலாம் வாரம் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறோம். எனக்கு முதலில் அமைந்தவர் ஒத்துவரவில்லை. நான் சொன்னதை எல்லாம் கலாசாரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டாவது ஆளிடம்தான் தங்கினேன். ஆறு முதல் எட்டு முறை வரை பேசியும் அசைவே இல்லை என்றால் முறையை மாற்றலாமா, மருந்து சேர்க்க வேண்டுமா, வேறு ஆளிடம் அனுப்புவீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

எங்க அம்மாவுக்கு 68 வயசு. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு பிடிவாதமா இருக்காங்க. என்ன பண்ணட்டும்?

"மனநலம்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். தூக்கம் வரவில்லை, கை கால் வலி, பசி இல்லை என்று அவரே சொல்லும் வழியாகப் போங்கள். முதல் பேச்சைக் குடும்ப டாக்டரோடு வையுங்கள். சைக்காலஜிஸ்டோடு பேசும் நாளில் கைபேசியைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் நிற்க வைத்து, சத்தத்தைக் கூட்டி, காபி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இப்படித்தான் என் வகுப்புக்கு வரும் ஒரு பையனின் பாட்டி தொடங்கினார். முதல் வாரம் ஐந்து நிமிடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இரண்டாம் வாரம், இறந்துபோன கணவர் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பற்றி மட்டும் பேசினார். இப்போது வியாழக்கிழமை பத்து மணிக்கு, தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு, பேரனிடம் சார்ஜ் இருக்கிறதா என்று அவரே கேட்கிறாராம்.